மீன் இல்லாத மீன் குழம்பு

மூன்றாவது பூனையும் வந்து உட்கார்ந்த பிறகுதான் இளவரசி அடுப்பைத் தணிக்கிறாள். அதுவரை அகப்பையால் குழம்பை எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பதோ, உப்பு புளி சரிதானா என்று மகளைக் கூப்பிட்டுக் கேட்பதோ கிடையாது. முதல் பூனை வந்தால் புளியின் பச்சை வாசனை போய்விட்டது. இரண்டாவது வந்தால் மிளகாய்த்தூள் வெந்துவிட்டது. மூன்றாவது, ஒரு கண் வெளுத்துப்போன கிழட்டுப் பூனை. அது வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் சட்டியை இறக்கலாம். "ருசி பாக்க நானு யாரு? அதுங்களுக்குத் தெரியும்" என்பாள்.

பொம்மையார்பாளையம் கடற்கரையில் பூனையாகப் பிறந்துவிட்டு மீன் குழம்புக்கு வராமல் வேறு எதற்கு வரும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் இந்தச் சட்டியில் மீன் கிடையாது. வாழைக்காய்தான் இருக்கிறது. ஏழு வருஷமாக இந்தக் கொட்டகைக்குள் ஒரு நெத்திலித் தலைகூட நுழைந்ததில்லை. வருகிற பூனைகளும் எதையும் தின்பதில்லை. ஒரு துண்டை எடுத்துப் போட்டால் முகர்ந்து பார்க்கும், இரண்டடி பின்வாங்கும், பிறகு சட்டிக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். முதல்முறை வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அடிக்கடி வருகிறவர்கள் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

கோட்டக்குப்பம் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால், இரண்டு விருந்தினர் விடுதிகளுக்கு நடுவே கடலை நோக்கி ஒரு மண்பாதை இறங்கும். அதன் முடிவில் கீற்றுக் கொட்டகை, ஆறு மேசை. சனி, ஞாயிறு மட்டும்தான் கடை, காலை பத்திலிருந்து மதியம் ஒன்று வரை. வாசலில் தொங்கும் பலகையில் 'இளவரசி சைவ பிரெஞ்சு உணவகம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் ஒருவரும் உள்ளே வருவதில்லை.

பலகையின் கதை இதுதான். விடுதியில் தங்கியிருந்த சென்னைத் தம்பதி ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "பிரஞ்ச் கிடைக்குமா?" என்று கேட்டார்கள். "பிரெஞ்சுல்லாம் நமக்கு வராதுங்க. தமிழ்தான். பொண்ணுன்னா இங்கிலீசு பேசுவா" என்றாள் இளவரசி. பாண்டிச்சேரிக்குப் பத்து நிமிஷத் தொலைவில் இருக்கிறவளுக்கு வேறு எப்படிக் காதில் விழும்? காலைப் பலகாரத்தையும் மதியச் சாப்பாட்டையும் சேர்த்து ஒரே வேளையாகச் சாப்பிடுவதற்குப் பெயர் அது என்று அவர்கள் விளக்கினார்கள். "லேட்டா எழுந்திரிக்கிறவங்க சாப்பாடுன்னு சொல்லுங்க" என்று புட்டை எடுத்து வைத்தாள்.

பெயர்ப்பலகை எழுதச் சொன்னது மகள் கலைப்பிரியா. அப்போது அவள் திண்டிவனத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு கடையில் 'சைவ பிரஞ்ச்' என்று எழுதச் சொல்லிவிட்டு வந்தாள். பாண்டிப் பக்கத்துக் கடை என்றதும் எழுதுகிறவர் தன் பொது அறிவைக் காட்டிவிட்டார். மாற்றி எழுதித் தருகிறேன் என்று பிறகு சொன்னார். "இருக்கட்டும் வுடு. எழுதுனது எழுதுனதுதான்" என்று இளவரசி அதையே மாட்டச் சொன்னாள். ஒருமுறை நிஜமான பிரெஞ்சுக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்து கால் மணி நேரம் தம் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தலையை ஆட்டியபடியே இரண்டு தட்டுக் கேப்பைப் புட்டு கொடுத்து அனுப்பினாள். இருவருக்குமே மனக்குறை இல்லை.

கேப்பைப் புட்டு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையில் துவையல், அவித்த மொச்சை, முருங்கைக்கீரை, சுடுசோறு, குழம்பு, மல்லாட்டைப் பாலில் காப்பி. இவ்வளவுதான் அங்கே கிடைப்பது. இந்தப் பக்கம் 'வீகன்' சாப்பாட்டுக்கு அலைகிறவர்கள் அதிகம். பாலும் வேண்டாம், தயிரும் வேண்டாம், தேனும் வேண்டாம் என்கிற கூட்டம். அவர்கள் இந்தக் கொட்டகையைக் கண்டுபிடித்தது முதல் தலைகால் புரியாமல் புகழ்கிறார்கள். எண்ணெய் காட்டாத சமையலாம், தாளிப்பே இல்லையாம், ஆதி மனிதனின் உணவாம். போக வேண்டிய இடங்கள் என்று எவரெவரோ கைப்பேசியில் போடும் பட்டியல்களில் இளவரசியின் பெயர் மூன்றாவதாக, இரண்டாவதாக ஏறிக்கொண்டே போகிறது.

தாளிப்பு ஏன் இல்லை என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்களுக்கு அவள் ஒளிக்காமல் பதில் சொல்லியிருக்கிறாள். அவர்கள் தெருவில் ஒரு வழக்கம். கடலுக்குப் போனவன் சொன்ன நேரத்துக்குக் கரை திரும்பவில்லையென்றால் அந்த வீட்டில் கவுச்சி சேர்க்க மாட்டார்கள். மீன், கறி, முட்டை மட்டுமல்ல, மாட்டுப் பாலும் மோரும்கூட ஆகாது. வாணலி வைத்துக் கடுகு பொரிக்கக் கூடாது. ஆள் திரும்பாத வீட்டிலிருந்து தாளிப்பு வாசனை தெருவுக்கு வரக் கூடாது என்பார்கள். தகவல் வரும்வரை அப்படி. பெரும்பாலும் ஒரு நாள். மிஞ்சினால் மூன்று நாள். ஆள் வந்துவிடுவான், இல்லாவிட்டால் உடம்பு வந்துவிடும். எதுவானாலும் அது தகவல். இளவரசியின் வீட்டுக்கு மட்டும் ஏழு வருஷமாகத் தகவல் வரவில்லை. "எங்க வூட்டுல வேற வழி இல்லாம துன்றத இவங்க கார் போட்டுக்கினு வந்து துன்றாங்க" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். கேட்டவர்களுக்குத்தான் அதற்குப் பிறகு சாப்பாடு இறங்காது.

புருஷன் பெயர் ஜெகதீசன். கார்த்திகை மாதத்தில் ஒரு விடியலில் ஃபைபர் படகில் தனியாகப் போனார். மறுநாள் படகு மட்டும் வடக்கே ஒதுங்கிக் கிடந்தது. வலை மடித்தபடி இருந்தது. எஞ்சினில் டீசல் இருந்தது. அவள் சோறு கட்டிக் கொடுத்த தூக்குவாளி, சாப்பிட்டு முடித்து, கழுவி, பலகைமேல் கவிழ்த்து வைத்திருந்தது. ஊரே அந்தத் தூக்குவாளியைச் சுற்றி நின்று பார்த்தது. "சாவப் போறவன் தூக்கு கழுவி வெப்பானா?" என்று அன்றைக்கு அவள் போலீஸ்காரரிடமும் கேட்டாள், தெருவிலும் கேட்டாள். ஜெகதீசனைப் பற்றிப் பேசும்போது அவள் இன்றும் இறந்தகாலத்தில் பேசுவதில்லை. அவருக்குக் காரம் ஆவாது, அவருக்கு வால் துண்டுதான் புடிக்கும், அவரு தூங்கும்போது வாயத் தொறந்துக்கினு தூங்குவாரு. புதிதாகக் கேட்கிறவர்கள் உள்ளே அறையில் அவர் படுத்திருக்கிறார் என்றே நினைத்துக் குரலைத் தாழ்த்துவார்கள்.

அதற்கு முன் அவள் கூடையைத் தலையில் வைத்து மீன் விற்றவள். இரும்பை என்கிற ஊர் வரைக்கும் நடந்து போய் விற்றுவிட்டு வருவாள். ஜெகதீசன் போன பிறகு மீனைத் தொடக் கை கூசியது. ஏன் என்பதை ஒரே ஒருமுறைதான் வாய்விட்டுச் சொன்னாள், அதுவும் கொழுந்தன் பூவரசனிடம்: "எந்த மீனு எதத் துன்னுட்டு வந்துதோ, எனக்கு எப்பிடித் தெரியும்?" பூவரசனும் கடலுக்குப் போகிறவன்தான். அன்றிரவு அவனாலும் சாப்பிட முடியவில்லை. ஆனால் அவன் மறுநாள் சாப்பிட்டான். கடலோரத்தில் அதுதான் பிழைப்பு, அவனைக் குறை சொல்ல முடியாது.

வாழைக்காய்க் குழம்பு தொடங்கிய முதல் வருஷம் வெறும் வாழைக்காய்க் குழம்பாகத்தான் இருந்தது. தோலோடு சாய்வாக வெட்டி, மஞ்சளும் உப்பும் தடவி, புளிக்கரைசலில் வெந்தயமும் வெங்காயமும் மாங்காயும் போட்டுக் கொதிக்கவிடுவாள். பார்வைக்கு வஞ்சிரத் துண்டு, வாயில் வாழைக்காய். இரண்டாம் வருஷம் கருங்கல் கொட்டிய கரையில் ஒதுங்கும் பச்சைப் பாசியை அலசிக் காயவைத்து, பொடித்துச் சேர்த்தாள். வாசனை வந்தது. அதுவரை புரிந்துகொள்ளலாம், பாசியும் கடலில் முளைப்பதுதானே. மூன்றாம் வருஷம் பூனைகள் வந்தன. நான்காம் வருஷம், மீன் அரிகிற இடத்தில் மட்டுமே மொய்க்கும் பச்சை ஈ வந்தது. அதே கைப்பக்குவம், அதே பாசி, அதே மண்சட்டி, வேறு ஒன்றையும் அவள் மாற்றவில்லை. போன வருஷத்திலிருந்து துண்டை விரலால் அழுத்தினால் மாவாக நசுங்காமல் இதழ் இதழாகப் பிரிகிறது.

வாழைக்காயில் இதழ் ஏது என்று கலைப்பிரியா கேட்டாள். "முத்துன காயா இருக்கும்" என்றாள் இளவரசி. சென்ற தை மாதம் அரிவாள்மனையைக் கழுவும்போது அதன் அலகில் நகக்கண் அளவுக்கு ஏதோ ஒட்டிக்கொண்டு வெயிலில் பளபளத்தது. கலைப்பிரியா அதைச் சுண்டுவிரலால் எடுத்துப் பார்த்தாள். செதில். காற்றில் எங்கிருந்தாவது வந்து ஒட்டியிருக்கும், கடற்கரையில் செதிலுக்கா பஞ்சம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உதறிவிட்டாள். அம்மாவிடம் அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்குக் காரணம் பயம்தான். அம்மா அதை எப்படி எடுத்துக்கொள்வாள் என்ற பயம்.

இந்தக் கைப்பக்குவம் எப்படி வந்தது என்று கேட்டால் இளவரசி, "நான் இன்னா பண்றேன்? அவரு கேக்கறாரு, ஆக்கறேன்" என்பாள். குழம்பு கொதிக்கும்போது தலையைச் சாய்த்துச் சட்டிப் பக்கம் காது கொடுப்பாள். சில நாள் தலையசைப்பாள். சில நாள், "இருங்க, ஆவுது" என்று சொல்லிக்கொண்டே விறகை உள்ளே தள்ளுவாள். கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர்கள் தங்களுக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, "அவசரமில்லைங்க" என்று பதில் சொல்வார்கள். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

இந்த ஆவணியில் கலைப்பிரியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சித்தார்த்தன், கல்லூரியில் கூடப் படித்தவன். அவன் அப்பா வேங்கடேசன் திண்டிவனத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், குரல் உயர்த்தாதவர். பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன் மாதிரித் தாளைக் காட்டுவதற்காக ஒரு சனிக்கிழமை அவரே பஸ் ஏறி வந்தார். சோறும் குழம்பும் போட்டாள். ஒரு கவளம் வாயில் வைத்தவர் நிறுத்திவிட்டு, "சம்பந்தியம்மா, நீங்க சைவம்னு சொன்னாங்களே?" என்றார். "வாழக்கா தாங்க" என்றாள். அவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு மரியாதைக்காகச் சாப்பிட்டு முடித்தார். ஆனால் மறுசோறு வாங்கவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு வந்து தாளை மேசைமேல் விரித்தார். எல்லாம் அச்சடித்திருந்தது. பெண்ணின் தகப்பனார் பெயருக்கு முன்னால் மட்டும் ஒரு வார்த்தை அளவுக்கு வெற்றிடம். "பிரஸ்ஸுல கேக்கறாங்கம்மா. 'திரு'வா, 'தெய்வத்திரு'வான்னு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "திருன்னு போட்டா, எங்க சனங்க பொண்ணோட அப்பா எங்கன்னு மண்டபத்துல தேடுவாங்க. தெய்வத்திருன்னு போடறதா இருந்தா, அதுக்குண்டான சடங்க முடிச்சிட்டுத்தான் நல்லது பண்ணணும்னு எங்க வூட்டுல சொல்றாங்க. எதுவா இருந்தாலும் எனக்குச் சம்மதம். ஆனா நடுவுல எடம் வுட்டு அச்சடிக்க முடியாதில்லீங்களா? அடுத்த ஞாயித்துக்கெழம மத்தியானத்துக்குள்ள சொல்லி அனுப்புங்க."

அந்த வாரம் முழுக்க வீட்டில் அந்த ஒரு வார்த்தைதான். பூவரசன் தினமும் வந்தான். "அண்ணி, ஏழு வருசம் ஆச்சின்னா சட்டமே ஒத்துக்குது. விழுப்புரம் போயி எழுதிக் குடுத்தா போதும்" என்றான்.

"சட்டம் கடல்ல எறங்கி அவரத் தேடுச்சா?"

"நான் தேடுனேன் அண்ணி. பதினாலு நாளு தேடுனேன்."

"தேடுன. நான் இல்லன்னு சொல்லல. ஒரு நெகம் கொண்டாந்தியா? ஒரு நெகத்தக் கொண்டாந்து என் கையில வெய்யி, தகவல்னு ஒத்துக்கறேன்."

பூவரசன் எழுந்து போய்விட்டான். தாளிப்பில்லாத அந்த வீட்டில் அன்று சாப்பாட்டுச் சத்தம்கூட இல்லை. பாயை உதறிப் போட்டுக்கொண்டிருந்த கலைப்பிரியா கையை நிறுத்திவிட்டுப் பேசினாள். "அம்மா, அப்பா போனப்ப எனக்குப் பதினேழு. இந்த ஏழு வருசத்துல ஒரு நாளு என்ன அழ வுட்டியா நீ? அழுதா, எதுக்கு அழுவற, உங்கப்பாவுக்கு இன்னா ஆச்சின்னு கேப்ப. எல்லாரும் அப்பா செத்தா அழுதுட்டு அப்பறம் கல்யாணம் கட்டிக்கறாங்க. நான் அழாமயே கட்டிக்கினு போவணுமா?" மகளுக்கு இவ்வளவு பாரம் இருக்கிறது என்பது அதுவரை இளவரசிக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும். தெரிந்துதான் வைத்திருந்தாள். அவரைச் செத்தவர் என்று ஒருமுறை வாயால் சொல்லிவிட்டால், அதன் பிறகு அவர் திரும்பி வந்தாலும் அவள் கொன்றதாகத்தான் ஆகும் என்று நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கொட்டகை நிறைந்திருந்தது. மாதிரித் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு பூவரசன் தூணோரமாக நின்றான். பன்னிரண்டு மணிக்குள் திண்டிவனத்துக்கு போன் பண்ணிச் சொல்லியாக வேண்டும். இளவரசி அவன் பக்கம் திரும்பவே இல்லை. சோறு வடித்தாள், கீரையைக் கடைந்தாள். பூனைகள் அன்றைக்குக் கடை திறக்கும் முன்பே, எட்டரைக்கே வந்துவிட்டிருந்தன. குழம்பு கொதிக்கவேயில்லை, அதற்குள் மூன்றும் வரிசையாக உட்கார்ந்துவிட்டன.

கடலோரத்து மேசையில் அப்ஸானா உட்கார்ந்திருந்தாள். கோட்டக்குப்பத்துப் பெண். அப்பா துபாயில் வேலை, பள்ளிப்படிப்பும் அங்கேதான். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு கறி மீன் விட்டு மூன்று வருஷம் ஆகிறது. வீட்டில் பிரியாணி நாளன்றைக்குத் தனியாகத் தட்டுப் போட்டுக்கொள்கிறவள். சனி ஞாயிறுகளில் ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டுப் பார்த்து, போகத் தகுந்த வீகன் கடைகளைப் பட்டியல் போடுவது அவள் வழக்கம். கைப்பேசியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துத் தன்னையே படம் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, பதினோரு எடம் பாத்துட்டேன், உங்க கடைதான் ஃபர்ஸ்ட் வரப் போவுது" என்றாள். சோற்றைப் பிசைந்தாள். கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் தொடங்கினாள்.

மெல்லுவது நின்றது. அவள் கண்ணைத் திறந்தாள். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, மிக மெதுவாக, எதையோ இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது. சுண்டுவிரல் நீளத்துக்கு, லேசாக வளைந்து, வெள்ளையாக. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"ஆன்ட்டி... இது முள்ளு."

பக்கத்து மேசைகளில் கைகள் தட்டோடு நின்றன. ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கலைப்பிரியா ஓடி வந்தாள். "இருக்காதுங்க, எங்க கடையில மீனே வாங்கறதில்லீங்க, சத்தியமா" என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. அரிவாள்மனையில் கண்ட செதில் அவள் கண்முன் நின்றது. பூவரசன் கூட்டத்தைக் கையமர்த்தினான். "பதறாதீங்க. கொழம்புல பாசி போடறாங்க, கரையில பொறுக்குன பாசி. அதுல ஒட்டிக்கினு வந்திருக்கும். அவ்ளோதான் விசயம்." சரியான பேச்சு. கேட்டவர்கள் பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள். அப்ஸானா கத்தவும் இல்லை, திட்டவும் இல்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நான் உங்கள நம்பி வந்தேன் ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னாள். கண் கலங்கிவிட்டது அந்தப் பெண்ணுக்கு.

இளவரசி அகப்பையைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எங்க கண்ணு, குடு" என்று இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். அப்ஸானா அதை அவள் கையில் வைத்தாள்.

இருபது வருஷம் மீன் விற்ற கை அது. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு முள்ளைக் கொடுத்தால், இது சங்கராவின் விலா, இது கொடுவாவின் செவுள், இது சுறாவின் தண்டு என்று சொல்லிவிடுவாள். கட்டைவிரலால் தடவினாள். திருப்பினாள். முனையை நெருடினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தூணோரம் நின்ற பூவரசனிடம் நீட்டினாள்.

"தம்பி, இது எந்த மீனுதுன்னு பாரு."

பூவரசன் சலிப்போடுதான் வாங்கினான். பதினாறு வயதிலிருந்து கடலுக்குப் போகிறவன். முதலில் ஏதோ பெயர் சொல்ல வாயைத் திறந்தான். மறுபடி பார்த்தான். விரலால் வளைவை அளந்தான். அதை அண்ணியின் கையில் திரும்பக் கொடுத்துவிட்டு, கொடுத்த விரல்களைத் தன் லுங்கியில் துடைத்தான்.

"தெரியல அண்ணி."

"எனக்கும் தெரியல. தகவல் வந்துடிச்சி தம்பி" என்றாள் இளவரசி. அவள் குரலில் நடுக்கம் இல்லை. எத்தனையோ காலம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்த ஆளை உள்ளே கூப்பிடுகிற குரலாக இருந்தது. "கலை. திண்டிவனத்துக்கு போன் போட்டு எழுதிக்கச் சொல்லு."

"இன்னான்னும்மா?"

"தெய்வத்திருன்னு."

கலைப்பிரியா நின்ற இடத்திலேயே குந்தி உட்கார்ந்தாள். பிறகு, பதினேழு வயதுப் பெண் அழுகிற மாதிரி, வாயைத் திறந்து அழுதாள். சாப்பிட வந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து செருப்பைத் தேடினார்கள். அப்ஸானா மட்டும் போகவில்லை. கழுவாத கையோடு கலைப்பிரியாவின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துகொண்டாள். பூவரசன் சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்தான், ஆனால் விரிக்கவில்லை.

இளவரசி உள்ளே போனாள். நுனி வாழையிலை ஒன்றைக் கழுவி, அடுப்புக்குக் கிழக்கே விரித்து, அந்த எலும்பை அதன் நடுவில் தெற்குப் பார்த்துக் கிடத்தினாள். வருகிறவர்களின் காப்பிக்காகக் காலையில் பிழிந்து வைத்த மல்லாட்டைப் பால் ஒரு பாட்டிலில் இருந்தது. மூடியைத் திறந்து, பாலை வலது கையில் குழிய ஏந்தி, செத்தவருக்குப் பால் தெளிக்கிற மாதிரி எலும்பின் மேல் மூன்று முறை தெளித்தாள்.